அடங்காத பால்

தாட்சாயணி குடிவந்த அன்று காலையில் அடுப்பில் வைத்த பால் மூன்று வருடம் பொங்கி வழிந்தது. வீடு, கெங்கேரியைத் தாண்டி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் உள்ள பைரவேஸ்வரா லேஅவுட்டில், நஞ்சுண்டய்யா கட்டிய மாடி வீட்டின் கீழ்ப்பகுதி. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, இரட்டை அடுப்பு வைக்க ஒரு கடப்பாக்கல் மேடை, பின்பக்கம் முருங்கை மரம்வரை இழுத்துக் கட்டிய துணிக்கொடி. அமைதியான இடம் என்று தரகர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பெங்களூருக்குள் வேலைக்குப் போகிறவர்கள் விடிவதற்குள் கிளம்பி இருட்டிய பிறகு திரும்பினார்கள். பகலில் தெருவில் நடமாடியவை நாய்கள் மட்டும்தான். எதிர்வீட்டுக்காரரின் பெயரை கேட்டில் மாட்டிய பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வழக்கப்படி புதுப் பாத்திரத்துக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு, கிழக்கே பார்த்துப் பாலை வைத்தாள் தாட்சாயணி. பொங்கி வழிந்ததும் கற்பூரம் காட்டி, முதல் டம்ளரை எடுத்துக்கொண்டு மாடியேறினாள். முதல் டம்ளர் வீட்டுக்காரருக்கு என்பது அந்தப் பக்கத்துச் சம்பிரதாயம். நஞ்சுண்டய்யா கோர்ட்டில் பெஞ்சு கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி இறந்துவிட்டாள், மகன் துபாயில். வாசலிலேயே கைகூப்பி நின்றார்.

"தப்பா எடுத்துக்காதேம்மா. வாடகைக்கு இருக்கிறவங்க வீட்டுல நான் பச்சத்தண்ணிகூடத் தொடறதில்ல."

"ஒரு வாய் ஐயா. சாஸ்திரத்துக்கு."

"பதினோரு மாசம் கழிச்சு உங்களைக் காலி பண்ணுங்கன்னு நான் சொல்லணும்ல? வயித்துல உங்க வீட்டுப் பால் இருந்தா, வாய்ல அந்தச் சொல்லு வராது."

ஜாதி பார்த்துச் சொன்னதல்ல. அவருடைய முதல் குடித்தனக்காரர்கள் வீட்டில் அவர் தினமும் காலையில் இட்லி சாப்பிட்டார். மகன் கல்யாணத்தின்போது கீழ்வீடு தேவைப்பட்டது. சட்னியோடு உட்கார்ந்துகொண்டு எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. சம்பந்தி வீட்டார் பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் மூட்டைப்பூச்சிக் கடி வாங்கிக்கொண்டு தங்கினார்கள். அந்தப் பேச்சு இன்றுவரை ஓயவில்லை. அன்றிலிருந்து அவருக்கு இரண்டு விதிகள். குடித்தனக்காரர் வீட்டில் எதையும் வாயில் வைப்பதில்லை. பதினோரு மாதத்துக்கு மேல் யாரையும் வைத்துக்கொள்வதில்லை.

தாட்சாயணி டம்ளரோடு படியிறங்கினாள். சாமான் ஏற்றி இறக்கியதில் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பாலைக் கீழே ஊற்றுவது பாவம் என்று பட்டது, தானே குடித்துவிட்டாள். சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்தாள். பால் அடங்கவில்லை. நெருப்பு இல்லாத அடுப்பின்மேல் அது நுரைத்து எழுந்து, கிழக்குப் பக்க விளிம்பில் வழிந்து, மறுபடி எழுந்தது. பாத்திரத்தில் இருந்தது குறையவும் இல்லை. அவள் கணவன் உமாபதி பீன்யாவில் வால்வு செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். குனிந்து, நிமிர்ந்து, எல்லாப் பக்கமும் பார்த்தான். "கேஸ் கசியல" என்று நிம்மதியோடு சொல்லிவிட்டு, வழிகிற இடத்தில் ஒரு தாம்பாளத்தை வைத்தான்.

தாம்பாளம் நிறைந்தது. அப்புறம் குண்டான். அப்புறம் குளிக்கிற வாளியைக் கழுவி வைத்தார்கள். வாரக் கடைசிக்குள், பால் வீணாகக்கூடாது என்ற ஒரே காரணத்துக்காக, தாட்சாயணி தெருவில் ஒவ்வொரு கேட்டாகத் தட்டியிருந்தாள். திறந்தவர்கள் முதலில் விற்க வந்திருக்கிறாள் என்று நினைத்தார்கள். பிறகு ஏதோ வேண்டுதல் என்று நினைத்தார்கள். மூன்றாம் நாள் சொம்போடு காத்திருந்தார்கள். கால் உடைந்து படுத்திருந்த டிரைவருக்கு, கடைசி மனையில் கட்டட வேலை செய்த ராய்ச்சூர்க்காரர்களின் குழந்தைகளுக்கு, சாயங்காலம் காலேஜ் விட்டு வருகிற பேயிங் கெஸ்ட் பெண்களுக்கு என்று பால் போயிற்று. பால் சொசைட்டி ஆள் ஒருவர் கேள்விப்பட்டு வந்தார். லாக்டோமீட்டரை முக்கிப் பார்த்து, "தண்ணி கலக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குமேல் அவருக்கு அதில் அக்கறை இல்லை. தாட்சாயணி மிச்சமிருந்த ஓரடுப்பில் சமைக்கப் பழகிக்கொண்டாள். ராகிக் களி இறங்கிய பிறகுதான் தொட்டுக்கொள்ளும் சாறு ஏறும்.

அவளுக்கு இருந்த கவலை பாலைப் பற்றியதல்ல, பதினோரு மாதத்தைப் பற்றியது. கல்யாணமானதிலிருந்து வருடத்துக்கு ஒரு வீடு. மகள் சிஞ்சனா வருடத்துக்கு ஒரு பள்ளி. புதுப் பள்ளியில் யாராவது பெயர் கேட்டால், "அடுத்த வருஷம் நான் இருக்கமாட்டேன்" என்று பதில் சொல்லப் பழகியிருந்தாள் அந்தக் குழந்தை. அதை ஒரு நாள் ஜன்னலோரம் நின்று கேட்ட தாட்சாயணிக்கு அதன்பின் எந்தச் சாமி முன்னால் நின்றாலும் வேண்டிக்கொள்ள ஒன்றுதான் இருந்தது. பெரிய வீடு கேட்கவில்லை; இதே வீட்டில் இருந்தால் போதும்.

பதினோராம் மாதம் முடிந்த அன்று நஞ்சுண்டய்யா கஞ்சி போட்ட வேட்டி கட்டி, கீழே இறங்கி வந்தார். கூடத்தைத் தாண்டி அவர் கண் அடுப்பங்கரைக்குப் போயிற்று. பால் பொங்கிக்கொண்டிருந்தது. கோர்ட்டில் முப்பது வருடம் வாதங்களைக் கேட்டவர் அல்லவா, நின்ற இடத்திலேயே யோசித்தார். பால் பொங்கி அடங்கினால்தான் குடிபுகுந்ததாக அர்த்தம். இவர்கள் இன்னும் குடிபுகுந்துகொண்டே இருக்கிறார்கள். குடிபுகுந்து முடிக்காதவர்களைக் காலி செய்யச் சொல்வது எப்படி? பால் பொங்குகிற வீட்டில் அந்தச் சொல்லை எடுப்பது பாவம் வேறு. "அடங்கினதும் சொல்லியனுப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடியேறினார். அடுத்த பதினோரு மாதத்திலும் அப்படியே வந்தார், அப்படியே போனார்.

காரணத்தைக் கண்டுபிடித்தது எதிர்வீட்டு கமலாட்சி. போஸ்ட் ஆபீசில் வேலை, வாயில் எப்போதும் பாக்கு.

"ஏன்டி, மொதல் டம்ளர் யாருக்குக் குடுத்தே?"

"ஓனருக்குத்தான் கொண்டுபோனேன்க்கா. வேணாம்னுட்டார். பசி... நானே குடிச்சுட்டேன்."

"அடிப்பாவி! சாமிக்கு வெச்ச பிரசாதத்தைப் பூசாரிக்கு முன்னால எலி தின்ன கதையால்ல இருக்கு! அவருக்குப் போக வேண்டியது போய்ச் சேரல. அதான் அது அடங்காம நின்னுட்டு இருக்கு."

"அப்ப அவர் ஒரு வாய் குடிச்சா நின்னுடுமா?"

"நின்னுடும். நின்ன மறுநாள் உன் சாமானெல்லாம் டெம்போல ஏறிடும்." கமலாட்சி குரலைத் தாழ்த்தினாள். "பைத்தியக்காரி, மறந்துகூட மேல கொண்டுபோயிடாதே. மூணு தெரு அந்தப் பாலைக் குடிக்குது."

தாட்சாயணி கொண்டுபோகவில்லை. அதுவரை பண்டிகைக்குப் பண்டிகை, வேண்டாம் என்பார் என்று தெரிந்தும், ஒரு தட்டை மூடி எடுத்துக்கொண்டு படியேறுவாள், அவர் கைகூப்புவார், இறங்கி வருவாள். அந்தச் சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும் தெரு முழுக்கப் போயிற்று, மாடிக்குப் போகவில்லை. அன்று இரண்டு முறை நஞ்சுண்டய்யா காரணமில்லாமல் வாசலுக்கு வந்து படிக்கட்டை எட்டிப் பார்த்தார். மறுப்பதற்காகவாவது யாராவது வருகிற வீடாக அது இருந்திருக்கிறது. தாட்சாயணி அதைக் கீழேயிருந்து பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து விளக்கேற்றும்போது அவள் மனம் சாமியிடம் நிற்காமல் மாடிப் படியில் நின்றது.

மூன்றாவது வருடம் ஆடி மழையில் ராஜகால்வாய் என்கிற பெரிய மழைநீர்க் கால்வாய் உடைத்துக்கொண்டு, லேஅவுட்டின் முகப்பில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. கடை இல்லை, பால் வண்டி இல்லை. அந்த மூன்று தெருக்கள் மட்டும் தாட்சாயணியின் பாலில் காப்பி போட்டுக் குடித்துக்கொண்டிருந்தன. அப்போதுதான் அவள் கவனித்தாள், தலைக்குமேல் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. நேற்றும் கேட்டதாக நினைவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் கதவு சும்மா சாத்தியிருந்தது. நஞ்சுண்டய்யா காய்ச்சலில் கட்டிலோடு ஒட்டிக் கிடந்தார். சமையலறையில் காலி ரவா டப்பா. உமாபதி டாக்டரை டிராக்டரில் ஏற்றிக் கூட்டிவந்தான். டாக்டர் மாத்திரை கொடுத்துவிட்டு, "வயிறு காலியா இருக்கு. மொதல்ல சூடா ஏதாவது உள்ள போகணும். பால் கெடைக்குமா?" என்று கேட்டார். அந்தத் தெருவில் அது கேட்கவேண்டிய கேள்வி அல்ல.

அடுப்பங்கரையில் கணவனும் மனைவியும் அந்தப் பாத்திரத்தின் முன்னால் நின்றார்கள்.

"குடுத்தா நின்னுடும்" என்றான் உமாபதி.

"தெரியும்ங்க."

"சிஞ்சனா இந்த வருஷம்தான் ஒரு சிநேகிதியை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தா."

தாட்சாயணி ஒரு டம்ளரை எடுத்தாள். டம்ளரைக் கழுவினாள். கழுவிய டம்ளரை மறுபடி கழுவினாள். பிறகு மொண்டு எடுத்துக்கொண்டு, சிவ சிவா என்று ஒவ்வொரு படியாக ஏறினாள்.

நஞ்சுண்டய்யா கண்ணைத் திறந்து டம்ளரைப் பார்த்தார். அந்த நிலையிலும் தலையை ஆட்டினார். "வேணாம்மா... அப்புறம் எனக்கு வாய் வராது."

"நீங்க குடிங்க ஐயா. குடிச்சுட்டு நாளைக்கே காலி பண்ணச் சொல்லுங்க. நான் ஒரு வார்த்த பேசாம போயிடறேன். இது என் மகமேல சத்தியம்."

அவர் தலையாட்டுவதை நிறுத்தினார். அவள் அவர் பின்தலையைத் தாங்கிப் பிடிக்க, ஒரு வாய் குடித்தார். பிறகு, இத்தனை வருடத்துப் பசி போல, முழுவதையும் குடித்தார்.

கீழே பால் வழிகிற சத்தம் நின்றது. சிறுதூறல் போல மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சத்தம் நின்றதும், தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்து ஆட்கள் வெளியே வந்து, என்ன ஆயிற்று, யாருக்கு என்ன என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். அமைதியான இடம் என்பதற்காக அங்கே குடிவந்தவர்கள்தான் எல்லாரும். கமலாட்சி நேராக உள்ளே வந்து, ஆடை படர்ந்து அசையாமல் கிடந்த பாலைப் பார்த்தாள். "குடுத்துட்டியா?" என்றாள். துடைப்புத் துணியை எடுத்து மேடையைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

உடம்பு தேறியதும் நஞ்சுண்டய்யா கஞ்சி போட்ட வேட்டி கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். தாட்சாயணி கூடத்தில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்தாள். சத்தியம் செய்தவள் ஆயிற்றே. அவர் தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார்.

"சாப்பாடு ஆச்சா?" என்று வந்தது.

அவருக்கே திகைப்பு. மறுபடி செருமி, மறுபடி திறந்தார். "சாப்பாடு ஆச்சாம்மா?"

"இல்லீங்க ஐயா. இனிமேதான்."

மாடிக்குப் போய்க் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தார். காலி பண்ணுங்க என்று அங்கே தெளிவாக வந்தது. படியிறங்கியதும் மாறிவிட்டது. விட்டுக்கொடுக்கிற ஆள் அல்ல அவர். விதி விதிதான் என்று பதினோரு மாதத்துக்கு ஒரு முறை சுத்தமாக உடுத்திக்கொண்டு வந்து முயன்றார். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி வந்தது. கேட்டபிறகு உட்காராமல் போவது மரியாதை இல்லை என்பதால் உட்கார்ந்து சாப்பிட்டார். சில வருடங்களில் பதினோரு மாதம் பதினோரு நாளாகி, பிறகு தினமும் ஆனது. துபாயிலிருந்து மகன் வந்தபோது அவனும் கீழேதான் சாப்பிட்டான். சிஞ்சனா ஒரே பள்ளியில் பத்தாவதுவரை படித்து முடித்தாள். யாராவது பெயர் கேட்டால் பெயரைச் சொன்னாள். அந்தப் பாத்திரத்தை தாட்சாயணி பரணில் ஏற்றவில்லை; சாமி மாடத்துக்குக் கீழே கவிழ்த்து வைத்தாள். தொட்டால் இளஞ்சூடாக இருக்கும். மழைக்காலத்தில் நஞ்சுண்டய்யா அதன்மேல் முழங்கை வலிக்கு ஒத்தடம் வைத்துக்கொள்வார்.

லேஅவுட்டில் இப்போது வீடுகள் நெருங்கிவிட்டன. வருடத்துக்குப் பத்துப் பேர் குடிவருகிறார்கள், பத்துப் பேர் போகிறார்கள். போன கார்த்திகையில் மூலை வீட்டுக்கு ஹாசன் பக்கத்திலிருந்து ஒரு இளம் ஜோடி வந்தது. பொழுது சாயும் நேரத்தில் அந்தப் பெண் ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி ஓடிவந்தாள். காலையில் வைத்த பால் இன்னும் அடங்கவில்லை, அடுப்பை அணைத்தாயிற்று, பயமாக இருக்கிறது என்றாள். தாட்சாயணி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மொதல் டம்ளர் யாருக்குக் குடுத்தே?"

"ஓனர் ஊர்ல இல்லக்கா. காசிக்குப் போயிருக்காங்களாம். தை மாசம்தான் வருவாங்களாம்."

"அப்ப தை வரைக்கும் ஓரடுப்புல சமைச்சுக்கோ" என்றாள் தாட்சாயணி. "கிழக்குப் பக்கம் ஒரு தாம்பாளம் வை. உன்கிட்ட பெருசா இல்லேன்னா, இந்தா, என்னோடதை எடுத்துட்டுப் போ."