ஒன்பதாவது கேள்வி

சனிக்கிழமை மாலை நாலு மணி ஐந்து நிமிடம். ஐந்து மணிக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளம் கதவைச் சாத்திவிடும்.

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறை அறை. கம்ப்யூட்டர் முன்னால் ஜீவிதா. ஜன்னல் கட்டையில் காலைத் தொங்கப் போட்டபடி அவள் வகுப்புத் தோழி அறிவுச்செல்வி. மடியில் கடலைப் பொட்டலம்.

"அடியே, முடிஞ்சுதா? அஞ்சரைக்கு அகரம் பஸ்ஸு. விட்டா நின்னுக்கிட்டுதான் போகணும்."

"செத்த நேரம் வாய மூடிக்கிட்டு இரு. உன்னோடதுதான் போய்க்கிட்டிருக்கு."

போய்க்கொண்டிருந்தது பரிந்துரைக் கடிதம். எழுத வேண்டியவர் துறைத் தலைவர் பாஸ்கல். நல்ல மனிதர். யார் போய்க் கேட்டாலும் ஒரே பதில்தான். "நீயே எழுதிக் கொண்டாம்மா, கையெழுத்துப் போட்டுத் தாரேன்." பிள்ளைகள் தங்களைத் தாங்களே புகழ்ந்து எழுதிக்கொண்டு வருவார்கள். அவர் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். இருபது வருட வழக்கம்.

இந்த வருடம் பல்கலைக்கழகம் காகிதத்தை ஒழித்துவிட்டது. பேராசிரியரின் மின்னஞ்சலுக்கு லிங்க் வரும். அவரே உள்ளே போய் எழுத வேண்டும். கடைசியில் அவர் செல்போனுக்கு ஓடிபி வரும். அந்த மின்னஞ்சலின் பாஸ்வேர்டு இரண்டு வருடமாக ஜீவிதாவின் கையில். செல்போன் மட்டும் சாரோடு நத்தத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தது.

எம்.எஸ்சி. வேதியியல். வடக்கே பெரிய பல்கலைக்கழகம். ஃபீஸ் இல்லை, மாதம் பிறந்தால் உதவித்தொகை. விண்ணப்பித்தவர்கள் இந்த இரண்டு பேர். ஒரே வருடத்தில் இந்தக் கல்லூரியிலிருந்து இரண்டு பேரை அங்கே எடுத்ததாகச் சரித்திரம் கிடையாது.

கிடைக்காவிட்டால் என்ன என்பதும் ஜீவிதாவுக்கு முடிவாகியிருந்தது. வேடசந்தூர் சாலையில் ஒரு பால் பவுடர் தொழிற்சாலை, ஆய்வுக்கூடத்தில் வேலை. சேரும் நாளில் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிவிடுவார்கள். இரண்டு வருடம் கழித்துத்தான் திருப்பித் தருவார்கள். அதுவரை எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் போக வழியில்லை. அப்பா உடையப்பன் சரி என்று தலையாட்டியாகிவிட்டது.

அறிவுச்செல்விக்கு இங்கிலீஷ் ஓடாது. "நீயே எழுதுடி, நீ எழுதினா எப்படியிருந்தாலும் சரி" என்று சொல்லிவிட்டாள். எழுத உட்கார்ந்த ஜீவிதாவுக்கு விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒரு நாள் ஆய்வகத்தில் ஒரே கரைசலை அளந்து இருபத்தாறு பேர் 12.4 என்று எழுதினார்கள். அறிவுச்செல்வி மட்டும் 13.1. மூன்று தடவை செய்து பார்த்தும் அதே 13.1. சார் முறைத்தும் மாற்றவில்லை. கடைசியில் பார்த்தால், முதல் பெஞ்சில் ஒருத்தி தப்பாக எழுதியதை மற்ற எல்லோரும் காப்பியடித்திருந்தார்கள். ஜீவிதாவும்தான்.

அதை அப்படியே எழுதினாள். இன்னும் எழுதினாள். இரண்டு பக்கம் போனது.

தன்னைப் பற்றி எழுதும்போது கை கூசியது. ஒழுங்கானவள், உழைப்பாளி, நேரம் தவறாதவள். ஆறு வரியில் நின்றுவிட்டது.

அப்போதுதான் அறிவுச்செல்வியின் படிவத்தில் ஒன்பதாவது கேள்வி வந்தது.

'இந்த ஆண்டு நீங்கள் பரிந்துரைக்கும் மாணவர்களில் இவர் எத்தனையாவது இடம்?'

கீழே ஒரு சின்னக் கட்டம். ஒரு எண் மட்டும் கொள்ளும்.

ஜீவிதா போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள்.

"சார், ரேங்க் கேக்குறான் சார். எங்க ரெண்டு பேருல யாரு முதல்லன்னு."

அந்தப் பக்கம் நாதஸ்வரம் காதைக் கிழித்தது. "என்னம்மா? ரேங்கா? ரெண்டு பேருக்கும் ஒண்ணு போட்டு விட்ரும்மா! பந்தி போட்டாச்சு, ஓடிபி வந்தா கூப்பிடு!"

திரும்பி வந்தாள். அறிவுச்செல்விக்கு 1 போட்டாள். ஏற்றுக்கொண்டது. தன் படிவத்தைத் திறந்து 1 போட்டாள். சிவப்பு எழுத்தில் பதில் வந்தது: 'இந்த இடம் ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டது.'

மணி நாலு முப்பத்தெட்டு.

"என்னடி முழிக்குற?"

"ஒண்ணுமில்ல. நெட்டு இழுக்குது."

அறிவுச்செல்வி ஜன்னலை விட்டு இறங்கவில்லை. இறங்கி இரண்டு எட்டு வைத்திருந்தால் திரையைப் பார்த்திருப்பாள். கடலைத் தோலை ஊதி வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள்.

ஜீவிதா தோழியின் படிவத்துக்குத் திரும்பிப் போனாள். 1 என்பதை அழித்தாள். 2 என்று போட்டாள். தன் படிவத்தில் 1 இப்போது மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தது.

முதல் ஓடிபியை சார் கண்ணாடி தேடி எடுப்பதற்குள் காலாவதியானது. இரண்டாவதை வாசிக்கும்போது ஏழா ஒன்றா என்று குழம்பினார். மூன்றாவது தடவை பிடித்தது. நாலு ஐம்பத்து மூன்றுக்கு இரண்டும் போய்ச் சேர்ந்தன.

"மகராசி!" என்று அறிவுச்செல்வி மிச்சக் கடலையை அவள் கையில் கொட்டினாள்.

பதினேழாம் நாள் நேர்காணல். ஆன்லைனில்தான். அதே அறை, அதே கம்ப்யூட்டர். முதலில் அறிவுச்செல்வியின் முறை.

ஆளுக்குப் பத்து நிமிடம் என்று சொல்லியிருந்தார்கள். அவள் இருபத்தைந்து நிமிடம் உள்ளே இருந்தாள். அந்த 13.1 பற்றித்தான் கேட்டார்கள். பாதி இங்கிலீஷும் பாதி தமிழுமாக அவள் விளக்கியதும், குழுவில் தமிழ் தெரிந்த ஒருவர் எடுத்துக் கொடுத்ததும், எல்லோரும் சிரித்ததும் வராந்தாவில் நின்றிருந்த ஜீவிதாவுக்குக் கேட்டன.

ஜீவிதாவிடம் பாடத்தில் நாலு கேள்வி. நாலுக்கும் சரியான பதில். பிறகு நடுவில் உட்கார்ந்திருந்த வெள்ளை முடிக்காரர் காகிதத்தைப் புரட்டினார்.

"வழக்கமாக இதைக் கேட்க மாட்டோம். உங்கள் பேராசிரியர் உங்களுக்கு முதல் இடம் கொடுத்திருக்கிறார். உங்களைப் பற்றி ஆறு வரி. இரண்டாம் இடம் கொடுத்த பெண்ணைப் பற்றி இரண்டு பக்கம். நாங்கள் எதை நம்புவது?"

தெரியாது என்று சொல்லலாம். சொன்னால் அவர்கள் பாஸ்கல் சாருக்குப் போன் போடுவார்கள். அவர் சத்தியசந்தர். "அந்தப் பிள்ளைதான் சார் எழுதுச்சு" என்று முதல் வரியிலேயே உளறுவார். இரண்டு பேர் விண்ணப்பமும் குப்பைக்குப் போகும்.

சார் அவசரத்தில் குறைவாக எழுதிவிட்டார் என்று சொல்லலாம். நம்பினாலும் நம்புவார்கள். சீட் நிற்கும்.

"கடிதத்தை நம்புங்கள் சார்" என்றாள் ஜீவிதா. "எண்தான் தப்பு."

வெள்ளை முடிக்காரர் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். நன்றி என்றார். திரை இருண்டது.

"என்னடி கேட்டாங்க?" வெளியே அறிவுச்செல்வி பிடித்துக்கொண்டாள்.

"உன்னப் பத்தித்தான்."

"என்னப் பத்தியா? அவிங்களுக்கு வேற சோலி இல்லையா?"

"அன்னிக்கு ஒரு கேள்வி இருந்துச்சு. யாரு முதல்லன்னு. எனக்கு ஒண்ணு போட்டுக்கிட்டேன். உனக்கு ரெண்டு."

அறிவுச்செல்வி பையைத் தோளில் மாட்டினாள். "நானா இருந்தா உனக்கு அஞ்சு போட்டிருப்பேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இரண்டு எட்டு முன்னாலேயே நடந்தாள். அகரம் பஸ் வந்தது. "வாரேன்" என்று மட்டும் சொல்லி ஏறிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பட்டியல் வந்தது. அறிவுச்செல்வி பதினோராவது பெயர். ஜீவிதா காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர்.

திங்கட்கிழமை காலை பத்து மணி. பால் பவுடர் தொழிற்சாலை அலுவலகம். ஆளெடுப்புப் பிரிவில் ஆரிபா என்ற அம்மாள் ஒப்பந்தத்தை முன்னால் தள்ளினாள்.

"கையெழுத்து மூணு இடத்துல. ஒரிஜினல் எல்லாம் கொண்டாந்திருக்கீங்கள்ல?"

"இருக்கு மேடம். ஒரு பதினஞ்சு நாள் கழிச்சுக் குடுத்தா ஆகாதா?"

"எதுக்கு?"

"ஒரு இடத்துல வெயிட்டிங் லிஸ்ட்ல முதல்ல இருக்கேன். நகரலாம்."

"நகரலேன்னா?"

"நகரலேன்னா இல்ல."

ஆரிபா பேனா மூடியைத் திருகினாள். "வெளிய நாலு பேரு உக்காந்திருக்காங்க, பாத்தீங்களா? பதினஞ்சு நாளெல்லாம் வச்சிருக்க முடியாதும்மா. இப்பவே சொல்லிருங்க."

ஜீவிதா பார்த்திருந்தாள். நாலு பேரில் ஒருத்தி கைக்குழந்தையோடு வந்திருந்தாள். மேஜை மேல் இருந்த ஃபைலை ஜீவிதா தன் பக்கம் இழுத்தாள்.

"அவங்களக் கூப்பிடுங்க மேடம்."

வாசலில் உடையப்பன் டி.வி.எஸ்.ஸை நிழலில் போட்டுவிட்டு நின்றிருந்தார். மகளின் கையில் ஃபைலைப் பார்த்தார்.

"என்னம்மா, வாங்கிக்கலையா?"

"நான் குடுக்கலப்பா. இன்னும் பதினஞ்சு நாள் பாக்கலாம். வண்டிய எடுங்க."

உடையப்பன் அலுவலகக் கதவை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஸ்டாண்டைத் தள்ளினார். வழியில் ரயில்வே கேட் வந்தது. கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பாமலே கேட்டார்:

"பதினஞ்சு நாள்னா, எந்தத் தேதி வருது?"