வேப்பிலை கட்டிய வாசல்

வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவிட்டு மங்கம்மா உள்ளே வந்து உட்கார்ந்தாள். அம்மை போட்ட வீட்டுக்குள் ஊசி நுழையக் கூடாது. திருவொற்றியூர் மீனவர் குப்பத்தில் அதை மீற யாருக்குத் துணிச்சல்? போன மாதம் போட்ட ரணஜன்னி ஊசியில் மருமகள் சினேகா கை வீங்கி, காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். இன்று இரண்டாவதாம். வெள்ளிக்கிழமை வளைகாப்பு. மணையில் பெண் முனகிக்கொண்டு உட்கார்ந்தால் ஊர் வாயை யார் மூடுவது?

"இன்னா அத்தே இது? நல்லா கீற வூட்ல..."

"கம்முனு கெட. நர்ஸு போனதும் எட்த்துர்றேன்."

தெருவை அவள் மறந்துவிட்டாள். அம்மை கண்ட தெருவில் எண்ணெய் காயக் கூடாதே! எதிர்வீட்டு வரலட்சுமி பாதி பொரிந்த சங்கரா மீனோடு சட்டியை இறக்கினாள். வீடு வீடாக அடுப்பு அணைந்தது. கூழோடு ஓடி வந்த வரலட்சுமிக்குக் கண் கலங்கியிருந்தது.

"ஒம் புள்ள தீபனுக்காக்கா? ஆத்தா எறங்கிடுவா, பயப்படாத."

"ஆமா" என்றது மங்கம்மாவின் வாய். சீ, இதுவும் ஒரு வாயா என்றிருந்தது அவளுக்கு.

நர்ஸ் ஜஸீமா வேப்பிலையைப் பார்த்ததும் செருப்பைத் தள்ளிக் கழற்றினாள். ஆனால் திரும்பிப் போகவில்லை.

"புள்ளத்தாச்சி இருக்குற வூடும்மா. அவளுக்கு ஒட்டிக்கினா வயித்துல கீற கொயந்தைக்கும் ஆபத்து. டாக்டர வரச் சொல்றேன்" என்று வெயிலில் நின்றபடியே போனை எடுத்தாள்.

அப்போதுதான் கடலுக்குப் போன தீபன், சட்டையில்லாமல், தோளில் மீன்கூடையோடு தெருவில் நுழைந்தான். உடம்பில் ஒரு கொப்புளம் கிடையாது.

"இன்னாம்மா, தெருவே கம்முனு கீது?"

மங்கம்மாவின் மானம் கப்பலேறிவிட்டது. வரலட்சுமி நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தித் தீர்த்திருக்கலாம். அவளோ கூழ்ப் பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஜஸீமா போனைப் பைக்குள் வைத்தாள். "போன ஊசிக்கு வந்த காய்ச்சலுக்கா பயந்த? அது மாத்திரைல போயிடும். இது பொறக்கப் போற புள்ளைக்கும் சேத்துப் போட்ற ஊசிம்மா. பச்ச மண்ணுக்கு ரணஜன்னி வந்தா தாங்காது."

மங்கம்மாவால் தலையை நிமிர்த்த முடியவில்லை. பேரப்பிள்ளையை விட ஊர்ப்பேச்சா பெரிதாகப் போனது எனக்கு என்று தன்னையே காறித் துப்பிக்கொண்டாள். சினேகா அவளைத் தாண்டிப் போய் வாசற்படியில் உட்கார்ந்து ஜாக்கெட் கையை மேலே ஏற்றினாள். ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு மறு கையைப் பின்னால் நீட்டினாள்.

"அத்தே, பயமா கீது. கையப் புட்ச்சிக்கோ."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. மங்கம்மா தன் கையை முந்தானையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.