அவுலுஸுக்கு எழுதிய முப்பது வரி

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நூமிதியுஸ் கண்ணை மூடினால் போதும், அந்த முச்சந்தி வந்துவிடும். நடுவில் சிலை. உள்நாட்டுப் போர் நடந்த அந்த ஒரே வருஷத்தில் ரோமை ஆள வந்தவர்கள் மாற மாற, உடம்பை அப்படியே விட்டுவிட்டுத் தலையை மட்டும் மூன்று முறை கழற்றி மாட்டிய சிலை. கனவில் அதற்குத் தலையே இராது. கீழே புகைக்குள் ஒரு சிப்பாய் விழுந்து கிடப்பான். அவன் வாயைத் திறந்து பேசுவான், நூமிதியுஸின் குரலிலேயே, ஒரு சொல் பிசகாமல்.

என்ன பேச்சு அது! "தம்பி, என்னைக் குத்தியது உன் கையல்ல, அரியணைக்காக அடித்துக்கொள்ளும் அந்த இரண்டு பேரின் பேராசை" என்று தொடங்கி முப்பது வரி. வயிற்றில் வாள் இறங்கியவன் முப்பது வரி பேசுவானா என்றெல்லாம் கேட்கக்கூடாது. வரலாறு எழுதுகிறவர்கள் சாகிறவர்களைப் பேசவைப்பார்கள். ரோமில் அதுதான் வழக்கம். பேசவைக்கத் தெரியாதவனை எவனும் மதிக்கமாட்டான். நாளைக் காலை சபையில் நூமிதியுஸ் தன் உள்நாட்டுப் போர் வரலாற்றை வாசிக்கப்போகிறார். பத்து வருஷ உழைப்பு. அந்த முப்பது வரியில்தான் சபை அழவேண்டும்.

"எசமான், சுண்டல்காரி வந்திருக்கா. போகச் சொன்னா போகமாட்டேங்குறா" என்று, அவர் சொல்லச் சொல்ல எழுதும் எழுத்தன் டாமா எழுப்பினான். அவன் முகத்தில் திருட்டுக்களை இருந்தது.

முச்சந்திச் சிலையடியில் சுண்டல் விற்கும் வெராத்தியா, கையில் சட்டியோடு நின்றாள்.

"ஐயா, உங்க டாமா சுண்டல் வாங்க வந்த இடத்துல, என் மூத்தவன் அவுலுஸ் சாகும்போது பேசினதா ஒண்ணைச் சொல்லிக் காட்டினான். பெருமை தாங்கல அவனுக்கு. நீங்க அப்போ பக்கத்துல இருந்தீங்களா?"

நூமிதியுஸுக்குத் தூக்கம் முழுசாகக் கலையவில்லை. அதனால்தான் உண்மை வந்துவிட்டது. "மாடியில இருந்தேம்மா. எல்லாரும் மாடியில நின்னுதான் பாத்தோம். பந்தயம் பாக்குற மாதிரி கைகூடத் தட்டினோம்." புத்தகத்தில் 'ஊரார் கைதட்டினார்கள்' என்றுதான் எழுதியிருந்தார்.

"மாடிக்கு அவன் பேசினது கேட்டுச்சா?"

"இல்ல."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

"என் சின்னவன் ஸெர்வியுஸ் எதிர்ப்படையில இருந்தான். புகையில யாருன்னு தெரியாம குத்திட்டான். இடுப்புவாரை உருவலாம்னு குனிஞ்சு பாத்தா, அண்ணன். உசிரு இருந்துச்சு, உதடு அசைஞ்சுச்சு. இந்தப் பாவி பயந்து ஓடிட்டான். 'அண்ணன் என்ன சொல்ல வந்தான், என்னைச் சபிக்க வந்தானா'ன்னு பதினஞ்சு வருஷமா என்னை அரிச்சு எடுக்குறான். நாளைக்கு உங்க வாசிப்புக்கு வரப்போறானாம்."

"வரட்டுமேம்மா. மன்னிச்சிட்டான்னுதானே எழுதியிருக்கேன்?"

"அட, நீங்க ஒண்ணு! அவுலுஸ் திக்குவாய், ஐயா. தம்பி பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்கு ஒரு சட்டி சுண்டல் வெந்துடும். ஊரே கேலி பண்ணும். ஸெர்வியுஸ் மட்டும்தான் பக்கத்துல உக்காந்து, மெதுவாச் சொல்லுண்ணேன்னு காத்திருப்பான். உங்க ரெண்டு வரியைக் கேட்டாலே பொய்யின்னு அவனுக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் அவன் கேக்குறதுக்குன்னு இந்த உலகத்துல என்ன இருக்கு?"

சட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நூமிதியுஸ் மறுபடி சாய்ந்தார். முச்சந்தி வந்தது. சிப்பாய் வாயைத் திறந்தான். இந்த முறை குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது, புகை மெல்ல மெல்ல மேலே போனது, அவர் கைதட்டும் சத்தம் எங்கிருந்தோ கேட்டது. திடுக்கிட்டு எழுந்தார். கடற்பஞ்சை நனைத்து, சுருளில் மையால் எழுதியிருந்த முப்பது வரியையும் துடைத்து அழித்தார்.

"ஐயோ எசமான், அந்த இடத்துலதானே எல்லாரும் அழுவாங்க!" டாமா தலையில் அடித்துக்கொண்டான்.

"வாயை மூடுடா. சுண்டல் திங்கப் போனா திங்கிற வேலையை மட்டும் பாக்கணும்."

மறுநாள் சபை நிறைந்திருந்தது. ஆற்றுப் பனி கூடத்துக்குள்ளும் புகுந்து, முகங்களெல்லாம் மங்கலாகத் தெரிந்தன. வாசற்பக்கம் வெராத்தியா, அவளருகே நரை விழுந்த ஒருவன். நூமிதியுஸ் வாசித்து வாசித்து முச்சந்திக்கு வந்து சேர்ந்தார். "மாடியில் நின்று கைதட்டியவர்களில் நானும் ஒருவன்" என்றார். முன்வரிசை நெளிந்தது. "அவுலுஸ் வாயைத் திறந்தான்" என்றார்.

"ஸெ..." என்றார். நிறுத்தினார். "ஸெ... ஸெ..."

கிழவருக்கு வரி மறந்துவிட்டது என்று யாரோ சிரித்தார்கள். டாமா முகத்தைப் பொத்திக்கொண்டான். பத்து வருஷ உழைப்பு கண்ணெதிரே காற்றில் போய்க்கொண்டிருந்தது. நூமிதியுஸ் விடவில்லை. "ஸெ..."

வாசற்பக்கம் நின்றவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவருடைய காலடியில் தரையில் உட்கார்ந்தான்.

"மெதுவாச் சொல்லுண்ணே" என்றான். "நான் எங்கேயும் போகல."