சேதி கொண்டு ஓடுகிறவன்

ஆட்டம் நடக்கையில் பயிற்சியாளர் மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது. கோட்டுக்கு வெளியே நின்று அவர் சொல்வதை ஆட்டக்காரன் காதில் போட ஒருவன் உள்ளே ஓடுவான். ஆஸ்திரேலியாவில் விக்டோரியாவின் கோதுமைச் சீமையில் கர்ரூக் ஊர்க் கால்பந்து அணிக்கு அப்படி ஓடியவன் மெர்வ். பயிற்சியாளர் லெஸ் அவன் அக்காள் புருஷன்.

லெஸ் வாலிபத்தில் மெல்போர்ன் போய்ப் பெரிய அணிக்கு ஆடியவர். அங்கத்திய கால்பந்தான அந்த முட்டை வடிவப் பந்து காற்றில் வந்தால் அதை மட்டும்தான் பார்ப்பார், எதிரே வரும் முழங்காலைப் பார்க்க மாட்டார். மயங்கி விழுந்தால் முகத்தில் தண்ணீர் அடித்து மறுபடி இறக்கிவிடுவார்கள். அதற்கு வீரம் என்று பெயர் வேறு. தலையில் வாங்கிய அடியெல்லாம் ஐம்பது வயதுக்கு மேல் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. ஒரு நாள் சொந்த வீட்டுக்கு வழி தெரியாமல் தானியக் கிடங்கருகே காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்.

அக்காள் நொரீன் தம்பியிடம் அழுதாள். இந்த ஒரு பருவத்தை ஊருக்குத் தெரியாமல் ஓட்டிக்கொடு, ஆட்டத்தையும் பிடுங்கிவிட்டால் மனுஷன் மூலையில் உட்கார்ந்தே செத்துப்போவார் என்றாள். மெர்வ் ஒப்புக்கொண்டான். லெஸ் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு ஓடி, தனக்குத் தோன்றியதைச் சொன்னான். நன்றாக ஆடுகிறவனை வெளியே எடு என்பார் அவர்; இவன் போய் அவனை இன்னும் முன்னேறச் சொல்வான். அணி ஜெயித்துக்கொண்டே வந்தது. லெஸ் மூளையே தனி என்று பீர் குடித்தபடி ஊர் மெச்சியது. மெர்வுக்கும் உள்ளூரக் கொஞ்சம் மிதப்பு ஏறியிருந்தது.

இறுதிப் போட்டியன்று மழை, எங்கும் சேறு. கடைசிப் பகுதியில் கர்ரூக் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது. எம்பிப் பந்தைப் பிடித்த கர்ரூக் ஆட்டக்காரன் கோலினின் நெற்றிப் பொட்டில் எதிராளியின் முழங்கால் இறங்கியது. விழுந்தவன் எழுந்து சிரித்தான். மைதானத்தைச் சுற்றி நின்ற கார்கள் எல்லாம் பாராட்டி ஹாரன் அடித்தன.

லெஸ் மெர்வின் கையைப் பிடித்தார்.

"கோலினை வெளிய கூட்டிட்டு வா, மச்சான். அவன் கண்ணு சரியில்ல."

"அவனுக்கு ஒண்ணுமில்ல. சிரிக்கிறான் பாரு."

"நானும் அப்படித்தான் சிரிச்சேன். போ."

மெர்வ் ஓடினான். அவன் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்கோர் பலகைதான். இதுவும் வழக்கமான உளறல் என்று முடிவு கட்டி, கோலின் முதுகில் தட்டி, கோல் கம்பத்துக்கு முன்னாலேயே நில், பந்து உன்னிடம்தான் வரும் என்றான். வந்தது. கோலின் உதைத்த உதையில் கர்ரூக் ஜெயித்தது. உடைமாற்றும் அறையில் எல்லாரும் அணிப் பாட்டு பாடிக்கொண்டிருக்கையில் அவன் பெஞ்சில் சரிந்தான். ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது.

அடக்கம் முடிந்ததும் கோலினின் அப்பா நேராக லெஸிடம் வந்தார். கத்தவில்லை.

"அடிபட்டவனை ஏன் ஆட விட்டே, லெஸ்?"

லெஸ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மைத்துனன் பக்கம் திரும்பினார்.

"வெளிய எடுக்கச் சொன்னேனே. சொன்னேன்ல, மச்சான்?"

நொரீன் தம்பியைப் பார்த்தாள். செத்தவனைப் பெற்றவரும் பார்த்தார். உண்மையைச் சொன்னால் இந்த ஊரில் இனி தலைகாட்ட முடியாது என்று மெர்வ் பயந்தான்.

"இல்ல மச்சான். நீ சொல்லல."

லெஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அந்த அப்பாவிடம் திரும்பினார்.

"என்னை மன்னிச்சிடுப்பா. எனக்கு இப்பல்லாம் எதுவும் நினைவு நிக்கிறதில்ல. மெர்வ் பொய் சொல்ல மாட்டான்."