இரண்டாய் அறுத்த மேசை

"தள்ளாதேன்னு சொல்றேன்ல. அப்பா பிரிச்சது பிரிச்சபடியே இருக்கட்டும்."

"அப்ப பெட்டிய எங்க வைக்கறது? உன் தலையிலயா?"

"தரையில வைக்கலாம்."

"ஒருத்தர் பெட்டிய ஸ்டூல் மேல வெச்சதுக்கே முகத்தச் சுளிச்சவர் உங்க சபை மூப்பர். தரையில வெச்சா விடுவாரா அண்ணா?"

கூடத்து ஜன்னல் திறந்திருந்தது. எதிர்வீட்டு டெய்லரம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு, நூல் அறுந்துவிட்டதைப் போல ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நூல் அறுந்திருக்கவில்லை. சவப்பெட்டியைச் சுமந்து வந்த இரண்டு ஆட்களும் வாசலில் அதை இறக்கவும் முடியாமல் பிடித்துக்கொண்டிருக்கவும் முடியாமல் நின்றார்கள். உள் அறைக் கட்டிலில் தச்சர் கிடந்தார். காலையில்தான் மூச்சு நின்றிருந்தது. பிள்ளைகள் சண்டை போட்டால் சுத்தியலால் பலகையை ஒரு தட்டுத் தட்டி அடக்குகிறவர், இன்று ஒன்றும் செய்யவில்லை.

சண்டை மேசையைப் பற்றியது. அந்த மேசையின் கதை தெருவுக்கே தெரியும்.

தச்சர் கல்யாணமான புதிதில் கூடத்துக்குள்ளேயே உட்கார்ந்து செய்த சாப்பாட்டு மேசை அது. பெரியவனும் சின்னவளும் அதன் மேல் தவழ்ந்து, அதன் அடியில் ஒளிந்து, அதில் சாப்பிட்டு வளர்ந்தார்கள். பெரியவன் பாத்திரக் கடைக்கு மேனேஜரானான். சின்னவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவளானாள். கல்யாணப் பத்திரிகையின் மேல்பாதியில் மாப்பிள்ளைக்கு ஒரு பெயரும் கீழ்ப்பாதியில் இன்னொரு பெயரும் இருந்தால், எது சரி என்று ஆள் அனுப்பிக் கேட்பது அவள் வேலை. அந்தக் கண்ணை அச்சகத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். வரவில்லை. அதே கண்ணோடு வேதத்தையும் படித்தாள்.

அவர்கள் சபை கண்டிப்பான கிறிஸ்தவ சபை. ரேடியோ கூடாது, நகை கூடாது, சாவு வீட்டில் சத்தம் போட்டு அழக் கூடாது. வேதத்தில் ஓர் எழுத்துக்கூடப் பிசகாது என்பது எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த கல். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேள்வி கேட்கலாம் என்று மூப்பர் சொன்னபோது, அதை உண்மை என்று நம்பிய ஒரே ஆள் சின்னவள். எழுந்து நின்று கேட்டாள். குருவைக் காட்டிக்கொடுத்தவன் ஓரிடத்தில் தூக்குப் போட்டுச் சாகிறான், இன்னோரிடத்தில் தலைகுப்புற விழுந்து வயிறு வெடித்துச் சாகிறானே, இரண்டில் எது நடந்தது?

"கயிறு அறுந்திருக்கும் சிஸ்டர்," என்றார் மூப்பர்.

"கயிறு அறுந்துச்சுன்னு எங்க பிரதர் எழுதியிருக்கு?"

மூப்பர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். அடுத்த ஞாயிறு அவள் வேறொன்று கேட்டாள். கேட்காத நாட்களில் முகத்தாலேயே கேட்டாள். கடைசியில் அவளை வெளியேற்றிவிட்டோம் என்றது சபை. நானே வெளியேறினேன் என்றாள் அவள். இரண்டில் எது நடந்தது என்று ஆள் அனுப்பிக் கேட்க யாரும் இல்லை.

விலக்கப்பட்டவரோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது என்பது சபையின் சட்டம். வேதத்திலிருந்து எடுத்தது என்பார்கள். மற்ற வீடுகளில் இப்படிப்பட்ட பிள்ளையை வாசலோடு நிறுத்திவிடுவார்கள். தச்சர் அப்படிச் செய்யவில்லை. மறுநாள் கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, ரம்பத்தை எடுத்து மேசையை நடுவில் அறுத்தார். பொழுது சாயும்வரை உள்ளே செதுக்கலும் தேய்க்கலுமாகச் சத்தம் கேட்டது. கதவு திறந்தபோது மேசை இரண்டாக நின்றது. புதிதாகக் கால்கள் முளைத்திருந்தன. நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி. இந்தப் பாதியில் மூன்று பேர் சாப்பிடுவார்கள், அந்தப் பாதியில் சின்னவள். ஒரே மேசை இல்லையே, வேறு வேறு மேசைதானே. அம்மா இரண்டின் மேலும் ஒரே விரிப்பை விரித்தாள். அதைப் பற்றி எந்தச் சட்டமும் இல்லை.

"மேசைக்கே விவாகரத்து குடுத்தவர்," என்று தெருவில் சிரித்தார்கள். மாதம் ஒருமுறை பேருந்தேறி வரும் சின்னவள் விரிப்பின் அந்தப் பள்ளத்தைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டுப் போவாள். ஒருமுறை உப்புக் கிண்ணம் அந்தப் பள்ளத்தில் சாய்ந்தது. யாரும் எடுக்கவில்லை. எந்தப் பக்கத்துக்காரர் எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை.

"கடைசி வரைக்கும் உன்னோட ஒரு வாய் சாப்பிடாத மனுஷன்," என்றான் பெரியவன். அவன் கண் சிவந்திருந்தது. அழக் கூடாது என்பதால் கத்திக்கொண்டிருந்தான். "வேதத்துக்குப் பயந்து வாழ்ந்தவர். அவர் போன அன்னிக்கே நீ வந்து மேசைய ஒட்டுவியா?"

சின்னவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கையிலிருந்த கிண்ணத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அது எப்போதோ துடைத்தாகிவிட்ட கிண்ணம்.

அன்று விடிந்ததும், பெரியவன் மருந்துக்குப் போயிருந்த நேரம். பாலில் நனைத்த ரொட்டியைச் சின்னவள்தான் ஊட்டினாள். இரண்டு வாய் வாங்கிய தச்சர் மூன்றாவதுக்கு வாயைத் திறக்கவில்லை.

"நீ சாப்டியா?"

"அப்புறம் சாப்பிடறேன்பா."

அவர் கையை நகர்த்திக் கட்டில் சட்டத்தைத் தடவினார். மரத்தைத் தொட்டுவிட்டுத்தான் எதையும் சொல்லுவார். "இது கட்டில்தானே. மேசை இல்லியே."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அதே கரண்டியில் ஒரு வாய் அவள் சாப்பிட்டாள். அப்புறம் அவர் ஒரு வாய். அறை வாசலில் நின்ற அம்மா திரும்பிச் சமையலறைக்குப் போய்விட்டாள். கிண்ணம் காலியாகிக் கொஞ்ச நேரத்தில் அவரும் போனார்.

இதை இப்போது சொல்லிவிடலாம். அண்ணன் வாய் அடைத்துப்போகும். ஆனால் விலக்கப்பட்டவரோடு சாப்பிட்டவரும் விலக்கப்பட்டவர்தான். சபையின் கல்லறை மண்ணில் அவருக்கு இடம் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். அந்த மண்ணுக்கு வேலி போட்டதே தச்சர். தன் இடத்தை எப்போதோ பார்த்து வைத்திருந்தவர். சின்னவள் வாயை மூடிக்கொண்டாள்.

"பெரியவனே," என்றாள் அம்மா. "அந்த ஆளுங்க எவ்வளவு நேரம்டா தூக்கிட்டு நிப்பாங்க? தள்ளு."

"அம்மா, அப்பா..."

"தள்ளுடா."

அவன் ஒரு பக்கமும் சின்னவள் ஒரு பக்கமும் பிடித்துத் தள்ளினார்கள். இடைவெளி நூலளவானதும் அவன் நிறுத்தினான். "இவ்வளவு போதும். பெட்டி நிக்கும்."

"முழுசா தள்ளு," என்றாள் அம்மா.

தள்ளினான். மேசைக்குள்ளிருந்து டக்கென்று ஒரு சத்தம் வந்தது. நாக்கை மேலண்ணத்தில் தட்டியதைப் போல. யாருக்கும் அது என்னவென்று கேட்க நேரமில்லை. பெட்டி உள்ளே வந்துவிட்டது.

மூப்பர் மதியம் வந்தார். பொல்லாதவர் இல்லை. சின்ன வயதில் சின்னவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜெபக் கூட்டத்துக்கு நடந்தவர். பெட்டிக்கு முன் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றுவிட்டு, அவளைச் சமையலறைப் பக்கம் அழைத்தார்.

"கடைசியா ஏதாவது சொன்னாரா சிஸ்டர்?"

"கட்டிலப் பத்தி ஏதோ சொன்னார் பிரதர். மேசையப் பத்தியும்."

"தச்சர் இல்லியா," என்று தலையசைத்தார். "ஒரே ஒரு வார்த்தை சொல்லிடும்மா. சபையில கேட்டதெல்லாம் தப்புன்னு. இன்னிக்கே அம்மா பக்கத்துல உக்காரலாம். சாப்பாட்டுக்கும் தனியா ஒதுங்க வேண்டாம். அந்தம்மாவுக்கு இனிமே யார் இருக்கா?"

அவள் கூடத்தைப் பார்த்தாள். அம்மா அப்பாவின் சட்டைக் காலரின் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டால் என்ன? அப்பாவை இனிமேல் பரலோகத்திலும் அவள் பார்க்கவே முடியாது என்று சபை நம்புகிறது. அவளும் அப்படித்தான் நினைக்கிறாள். காரணம்தான் வேறு. இத்தனை நெருங்கி வந்த பிறகு ஒரு வார்த்தையில் என்ன இருக்கிறது? வாயைத் திறந்தாள். இல்லாத கயிற்றை இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போடுவதைப் போல இருந்தது.

"முடியல பிரதர்," என்றாள்.

அவர் கோபப்படவில்லை. அவள் தலையைத் தொடக் கையை உயர்த்தி, சட்டம் ஞாபகம் வந்து, கையைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அடக்கத்தில் அவள் வேலிக்கு வெளியே நின்றாள். அப்பா அடித்த வேலி. கட்டைகளுக்கு நடுவே கண்ணை வைத்துப் பார்க்கலாம்படி இருந்தது. பாட்டுத் தொடங்கியதும் அவள் உதடு தானாக அசைந்தது. வார்த்தை ஒன்றும் மறக்கவில்லை. நம்பிக்கை போன பிறகும் ராகம் போகவில்லையே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. நிறுத்தாமல் கடைசி வரை பாடினாள்.

திரும்பி வந்தபோது சபைப் பெண்கள் ரொட்டியும் சூப்பும் கொண்டு வந்து வைத்திருந்தார்கள். பெரியவன் முதல் வேலையாக மேசையைப் பிரிக்கப் போனான். இழுத்தான். வரவில்லை. மூப்பரும் ஒரு கை கொடுத்தார். இரண்டு பேர் இழுத்ததில் மேசை முழுவதுமாக நகர்ந்ததே தவிர, பிரியவில்லை. பெரியவன் முழங்கால் போட்டு அடியில் தலையை விட்டான். சின்னவளும் மறுபக்கம் குனிந்தாள்.

அறுத்த விளிம்பின் அடியில், ஒரு பாதியில் மரநாக்குகள். மறு பாதியில் அவை போய் உட்காரும் குழிகள். உள்ளே போனால் வெளியே வராதபடி செதுக்கிய பூட்டு. ஆணி ஒன்றுகூட இல்லை. புது வேலையும் இல்லை. மரம் மேசையின் மற்ற இடங்களைப் போலவே கறுத்திருந்தது. அறுத்த அன்றே செய்தது. ஒரு விரற்கடை தள்ள ஆளில்லாமல் இத்தனை காலம் திறந்தபடி நின்றிருக்கிறது. அங்கே தூசும் இல்லை, ஒட்டடையும் இல்லை. அந்த மேசைக்கடியில் குனிந்து தினமும் பெருக்கியது ஒருத்திதான். அண்ணனும் தங்கையும் மேசைக்கடியில், சின்ன வயதில் ஒளிந்திருந்த அதே இடத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பெரியவன் எழுந்தான். "அப்பாவோட ரம்பம் எங்கம்மா?"

"அவர் ரம்பத்த யாரும் தொட வேண்டாம்," என்றாள் அம்மா.

சொல்லிவிட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியை இழுத்தாள். "உக்காருடி. சூப் ஆறுது."

சின்னவள் உட்கார்ந்தாள்.

சபையார் ஒவ்வொருவராகத் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். மூப்பர் கடைசியாகப் போனார். போகும்போது, மேசையின் நடுவில் கோடு இருந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

பெரியவன் போகவில்லை, உட்காரவும் இல்லை. மேசையோரம் நின்றபடி சாப்பிட்டான். நின்று சாப்பிட்டால் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டது ஆகாது. ஆனால் அவன் தட்டு மேசையின் மேல் இருந்தது. அப்பாவின் பிள்ளை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தெரு அறிந்ததுதான். பெரியவன் வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். அங்கேயுள்ள சபை இன்னும் கண்டிப்பானதாம். டெய்லரம்மாவின் மகள், பெட்டி சுமந்து வந்த இருவரில் உயரமானவனைக் கட்டிக்கொண்டாள். அன்று ஜன்னல் வழியாகப் பார்த்தது டெய்லரம்மா மட்டும் இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. மூப்பர் அம்மாவைப் பார்க்கச் சில முறை வந்தார், கூடத்துக்குள் வராமல் வாசலிலேயே பேசிவிட்டுப் போனார்.

கொஞ்ச நாளில் அம்மாவும் சின்னவளோடு போய்விட்டாள். அன்றுதான் கடைசி வேடிக்கை. கூடத்துக்குள்ளேயே செய்த மேசை, முழு உருவத்தில் வாசல் வழியாக வெளியே போகவில்லை. லாரிக்காரன் ரம்பத்தோடு வந்தான். அம்மா மேசை மேல் கையை வைத்தபடி நின்றாள். கடைசியில் கதவைக் கழற்றி, நிலையையும் பெயர்த்தெடுத்துத்தான் மேசையை ஏற்றினார்கள்.

வீட்டுக்காரர் புது நிலை வைக்கும்வரை அந்த வீடு வாயைத் திறந்தபடி கிடந்தது. டெய்லரம்மா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். உள்ளே ஒன்றுமில்லை என்றாள். தரையில் மேசைக் கால்களின் தடங்கள் மட்டும் இருந்தன. நான்கு மூலைகளிலும் ஆழமாக. நடுவில் இருந்தவை லேசாக, தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போய்விடும் என்பதைப் போல.