பத்து மணிக்குப் போன செய்தி

வெண்ணிலா மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டே, தன் கல்லூரியின் கணினி மையத்தில் பகுதிநேரமாக புரோகிராம் எழுதினாள். வகுப்புக்கு வராத பெண்களின் வீட்டுக்குத் தினமும் காலை பத்து மணிக்குத் தானாகவே செய்தி அனுப்பும் புரோகிராம் அவளுடையது. மறுநாள் தேர்வு என்ற அவசரத்தில், சோதனைக்குப் பத்துப் பேர் பட்டியலைக் கொடுப்பதாக நினைத்து முழுக் கல்லூரியின் பட்டியலையும் கொடுத்துவிட்டுப் படிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் தேர்வை முதல் ஆளாக முடித்து வெளியே வந்தவள் கல்லூரி வாசலைப் பார்த்து அதிர்ந்து நின்றாள். நூறு பெற்றோருக்கு மேல் திரண்டிருந்தார்கள். தேர்வு நேரமானதால் எந்தப் பெண்ணும் போனை எடுக்கவில்லை.

முன்னால் நின்ற அத்தாயி, களை பறித்த மண் கையோடு வந்திருந்தாள். "ஏஞ்சாமி, எம்புள்ள ஜீவாவப் பாத்தியா? நாந்தான் காலைல பஸ் ஏத்திவுட்டேன்!" என்று போனை நீட்டினாள். 'உங்கள் மகள் இன்று கல்லூரிக்கு வரவில்லை.' வெண்ணிலா எழுதிய அதே வாக்கியம்.

"உள்ள பரீட்சை எழுதறாங்க. நாந்தானுங்க தப்பா அனுப்பிட்டேன்."

அத்தாயி கையை ஓங்கினாள். அடி விழவில்லை. கை கீழே இறங்கியது. "மொதல்ல அவளக் கண்ணுல காட்டு."

வெண்ணிலா அவளைத் தேர்வறை சன்னலுக்கு அழைத்துப்போனாள். மூன்றாவது பெஞ்சில் ஜீவா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அத்தாயி கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

வெண்ணிலா வாசலுக்குத் திரும்பி ஓடி அடுத்தவரிடம் கேட்டாள்:

"உங்க புள்ள பேரு என்னங்க?"