தேதி சொல்லாத மந்திரி

ஊரே வாராவாரம் கண்கலங்கிப் பார்க்கிற அந்த டிவி மந்திரிக்கு வசனம் எழுதுகிறவன் நான்தான். லஞ்சத்தைக் கண்டால் அவர் கண் சிவக்கும், ஏழையைக் கண்டால் ஈரமாகும். இரண்டுக்கும் ஒரே கிளிசரின் புட்டிதான்.

நான் கடைசியாக எப்போது ஓட்டுப் போட்டேன் என்று மட்டும் கேட்காதீர்கள். 'எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டைங்க' என்று சொல்லிவிட்டு, தேர்தல் விடுமுறையில் குப்புறப் படுத்துத் தூங்குகிறவன் நான். உபதேசமெல்லாம் ஊருக்குத்தான். அதுவும் சம்பளத்துக்கு.

எங்கள் தயாரிப்பாளர் ஒரு விதி வைத்திருக்கிறார். மந்திரி வாயில் தேதியே வரக்கூடாது.

"ரைட்டர் சார், 'பாலம் வரும்'னு சொல்லலாம். 'அடுத்த மாசம் வரும்'னு சொன்னா, அடுத்த மாசம் நான் பாலத்தைக் காட்டணும். நான் எங்க போறது?"

அதனால் நாலு வருடமாக எங்கள் மந்திரி 'விடியும்', 'மாறும்', 'மலரும்' என்றே ஆட்சி நடத்திக்கொண்டிருக்கிறார். ஒரு குழாய் ரிப்பேர்கூட நடந்ததில்லை. யாரும் கவனிக்கவுமில்லை.

அந்த மந்திரியை முழுசாக நம்பியவள் என் அக்கா. தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். எங்கள் தெருவின் மழைநீர்க் கால்வாய் மண்ணடைத்து மூன்று வருடமாகிறது. ஒரு தூறல் போட்டால் முழங்கால் தண்ணீர். அதைப் பற்றித் தெருக்காரர்கள் எழுதிய அத்தனை மனுவும் அவள் மெஷினில் நகலெடுத்துத்தான் போயிருக்கின்றன. போனது போனதுதான். ஒருநாள் காலையில் வந்து, வார்டு தேர்தலில் நிற்கப் போகிறேன் என்றாள்.

"உன் மந்திரி சொன்னாரேடா, 'குறை சொல்ற வாய் இருந்தா சுமக்கிற தோளும் வேணும்'னு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

"அக்கா, அது விளம்பரத்துக்கு முன்னாடி ஒரு பஞ்ச் வேணும்னு கேட்டாங்கன்னு எழுதினது."

"இருக்கட்டும். எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு."

நான் கதைவிட்டதை நம்பி, கூடப் பிறந்தவள் தெருவுக்கு நடுவில் அவமானப்படப் போகிறாளே என்று பயமாக இருந்தது. ஆனாலும் எழுதிக் கொடுத்தேன்.

கூட்டத்துக்கு நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள், பாதிக்குமேல் நிறைந்திருந்தது. "தண்ணீர் வடியும்! கண்ணீரும் வடியும்!" என்று அக்கா என் தாளைப் பார்த்து முழங்கினாள். எங்கள் தெரு பைக் மெக்கானிக் எழுந்து நின்றார்.

"எப்போ?"

அக்கா தாளைப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து, காலில் போட்டிருந்த செருப்பையே தேடிக்கொண்டிருந்தேன்.

அவள் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி, ஞாயித்துக்கிழமை. காலையில ஏழு மணிக்கு மண்ணள்ள வருவேன்."

முப்பத்தோரு ஓட்டில் தோற்றாள். அதில் முப்பது என் பொறுப்பில்லை. அவளுக்காக நானும் வரிசையில் போய் நின்றேன். பட்டியலில் என் பெயரே இல்லை. வீடு மாறி ஒன்பது வருடமாகியும் முகவரியை மாற்றச் சொல்லி நான் எழுதிக் கொடுக்கவில்லை.

"விடுக்கா, ஜெயிச்சவங்க பாத்துக்கட்டும். உனக்கென்ன தலையெழுத்து?" என்றேன்.

"தேதி சொன்னது நான்டா. ஜெயிச்சாதான் வருவேன்னு சொன்னேனா?"

பதினெட்டாம் தேதி, அவள் அங்கே தனியாக நிற்பாளே என்று மனசு கேட்காமல்தான் போனேன். கால்வாய் மூடியை நெம்பிக்கொண்டிருந்தாள். சொல்லிவைத்தாற்போல் மெக்கானிக் கடப்பாரையோடு வந்தார். எதிர்வீட்டு டீச்சர் வாளியோடு வந்தார். கால் மணி நேரத்தில் பதினாலு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

"தேதி சொன்னீங்களே, அதான்," என்றார் மெக்கானிக், ஏதோ பைக்கை டெலிவரி எடுக்க வந்தவர் மாதிரி.

எனக்குக் கிளிசரின் இல்லாமலே கண் நிறைந்தது. இந்தக் காட்சியை எழுதியது நான் இல்லையே என்று வெட்கமாகவும் இருந்தது. எல்லாம் நாற்றத்தால்தான் என்று காட்டிக்கொள்ள மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"என்னடா வேடிக்கை? எறங்கு," என்றாள் அக்கா.

"இதோ எறங்கறேன்க்கா."

"எப்போ?" என்றார்கள் பதினாலு பேரும்.

பேண்ட்டைக்கூட மடிக்காமல் இறங்கினேன்.